எழுந்து நடந்த செஞ்சிப் பெண்

பெங்களூரு
12 ஜூன் 2025

அண்ணா,

போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாய். தபால்காரரைத் தடுக்க முடியாது, அதனால் கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

போன வாரம் வீட்டில் நான் கத்தினது தப்பு. அண்ணி முன்னாலும் மது முன்னாலும் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கத்திச் சொன்ன விஷயம் தப்பில்லை. அதையே இப்போது கத்தாமல் சொல்கிறேன்.

மதுவுக்கு இருப்பது தசைச்சிதைவு நோய். இடுப்பிலும் தோளிலும் உள்ள தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கின்றன. காரணம், பிறவியிலேயே ஒரு மரபணுவில் இருக்கும் பிழை. இது உனக்குத் தெரியும், பரிசோதனை முடிவை நீயே லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாய்.

நான் இத்தனை வருடமாக மீன் வளர்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சின்ன வரிமீனின் முட்டைக்குள் தசை எப்படி உருவாகிறது, கிழிந்த தசை எப்படித் திரும்பக் கூடுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. தசை நாரோடு ஒட்டிக்கொண்டு சில செல்கள் தூங்குகின்றன. அடிபட்டால் அவை விழித்து, பெருகி, புது நாராக மாறும். தசையின் ஸ்டெம் செல் என்பது அதுதான். மனிதருக்கும் உண்டு. ஆனால் மதுவின் உடம்பில் புதிதாக வருகிற நாரும் அதே பிழையோடு வருகிறது, அதுவும் சிதைகிறது.

அந்தச் சென்னை ‘புத்துயிர் செல் சிகிச்சை மையம்’ என்ன செய்யப்போகிறது? அவள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து அவள் முதுகுத்தண்டிலும் தொடையிலும் ஊசியாக ஏற்றும். மஜ்ஜை ரத்தத்தை உண்டாக்குகிற இடம். அதை ஊசியில் ஏற்றினால் தசையாகிவிடாது. ஆகிறது என்றே வைத்துக்கொள். அவளுடைய செல்லை எடுத்து அவளுக்கே ஏற்றினால் அதற்குள்ளும் அதே பிழைதானே இருக்கும்? ஃபியூஸ் போன பல்பைக் கழற்றித் துடைத்து அதே ஹோல்டரில் மாட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று நீ உன் கடைக்கு வருகிறவரிடம் சொல்வாயா?

இது அனுமதி பெற்ற ஆய்வா, பதிவு எண் என்ன என்று அவர்களைக் கேள். ஆய்வென்றால் உன்னிடம் காசு வாங்கவே கூடாது. சிகிச்சை என்றால், இந்த நோய்க்கு இதைச் சிகிச்சை என்று விற்க நம் நாட்டில் அனுமதியே இல்லை. இரண்டில் எதுவென்று அவர்கள் வாயால் சொல்லட்டும்.

உன்னிடம் கெஞ்சவில்லை. மது உன் பெண் மட்டுமில்லை, எனக்கும் பெண்தான். எனக்கும் உரிமை இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

பிருந்தா


செஞ்சி
27 ஜூன் 2025

பிருந்தாவுக்கு,

கடிதம் வந்தது. கிழித்திருப்பேன். அன்று கடையில் இருந்தது உன் அண்ணி சாரதா, அவள் கையில் முதலில் கிடைத்து அவள் படித்துவிட்டாள்.

நீ சொன்னபடியே கேட்டேன். அங்கே அருண்பிரசாத் என்று ஒரு மேனேஜர். சிரித்துக்கொண்டே சொன்னார், “சார், ஆராய்ச்சி பண்றவங்க பத்து வருஷத்துல மருந்து வரும்னு சொல்லிக்கினே இருப்பாங்க. பத்து வருஷம் கழிச்சி உங்க பொண்ணுக்கு எழுந்து நிக்கக் காலு இருக்குமா?” பதிவு எண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதைக் கவனிக்காத அளவுக்கு நான் மடையன் இல்லை. கவனித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். நீ பெங்களூரில் இருக்கிறாய். மது இங்கே இருக்கிறாள். ப்ளஸ் ஒன் வகுப்பு மாடியில். சாரதா தினமும் பள்ளிக்கூடம் போய் அவளை இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டு, மணியடித்ததும் போய் இறக்கிக்கொண்டு வருகிறாள். வகுப்போடு ராஜகிரிக் கோட்டைமலைக்குப் போனார்கள். எல்லாரும் மேலே ஏறிவிட்டார்கள், இவள் கீழே உட்கார்ந்து எல்லார் பையையும் காவல் காத்தாள். போன மாதம் காந்தி பஜாரில் நடுரோட்டில் விழுந்தாள். கூட்டம் கூடிவிட்டது. “அய்யோ பாவம்” என்று ஆளுக்கொரு கை நீட்டினார்கள். தரையில் கிடந்தபடியே, “யாரும் தூக்காதீங்க, எங்க நைனா வரட்டும்” என்றாள். நான் கடையிலிருந்து ஓடினேன். அவள் அழவில்லை. நான்தான்.

நீ ஜெர்மனி மாநாட்டுக்குப் போய் வந்து ஒரு படம் காட்டினாயே, அறுந்த வால் திரும்ப வளர்கிற மீன். மது கைதட்டினாள். நீ கிளம்பின பிறகு அவங்கம்மாவிடம் கேட்டாள், “மீனுக்கு வருது, எனக்கு ஏம்மா வரல?”

பதில் உன்னிடம் இருந்தால் எழுது. உன் படிப்பு என் பெண்ணுக்கு இன்னா பண்ணிச்சு என்று அன்றைக்குக் கேட்டேன். இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறேன். ஒன்றும் பண்ணவில்லை. அதனால் பண்ணுகிறேன் என்று சொன்னவனிடம் போனேன்.

முதல் ஊசி போட்டாகிவிட்டது. அதற்காகத் தொண்டூர் நிலத்தை விற்றுவிட்டேன். ஊசிக்கு முன்னால் அவளை நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கச் சொல்லி, ரெண்டு அடி நடக்கச் சொல்லி, வீடியோ எடுத்தார்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவாம். அடுத்த ஊசி ஆகஸ்டில்.

இனிமேல் இதைப் பற்றி நீ பேசத் தேவையில்லை.

கோவிந்தராஜ்


பெங்களூரு
19 ஜூலை 2025

அண்ணா,

மீன் தொட்டிகள் இருக்கிற அறையில் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். மது கேட்டதை மட்டும் மறுபடி படித்தேன். அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. ‘இன்னும் தெரியவில்லை’ என்பதை ஒரு பதிலாக நாங்கள் எங்களுக்குள் மரியாதையோடு சொல்லிக்கொள்வோம். ஒரு குழந்தையிடம் அதைச் சொல்லிப் பார்க்கும்போதுதான் அதன் எடை தெரிகிறது.

போட்ட ஊசியைப் பற்றி இனி பேசவில்லை. ஆனால் உடற்பயிற்சியை ஒருநாளும் விடாதே. படுக்கையில் கிடத்தினால் தசை இன்னும் வேகமாகப் போகும். காய்ச்சலோ, கழுத்து வலியோ, வாந்தியோ வந்தால் அந்த மேனேஜருக்குப் போன் பண்ணிக்கொண்டு நிற்காதே. நேராகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. அடுத்த ஊசி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

நான் பேசக்கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் பேசவில்லை. வெளியே பேசப்போகிறேன், அதை உனக்குத் தெரியாமல் செய்யமாட்டேன்.

போன வாரம் ஐதராபாத்தில் எங்கள் துறையின் ஆண்டுக் கூட்டம். கருவளர்ச்சியும் ஸ்டெம் செல்லும் ஆராய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் இந்த நாட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடுவோம். ஒருத்தர் ஆய்வகத்தில் மீன் செத்தால் இன்னொருத்தர் முட்டை அனுப்புவார். யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் குழந்தை பிறந்தது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது இன்னொரு வீடு. அங்கே நான் எழுந்து கேட்டேன். “நம் துறையின் பெயரைச் சொல்லித்தான் இவர்கள் ஊசி விற்கிறார்கள். இது பொய் என்று நாம் ஏன் எல்லாரும் சேர்ந்து ஓர் அறிக்கை விடக்கூடாது?”

அப்புறம் ஒரு பெரியவர், நான் ரொம்ப மதிக்கிறவர், நம் வேலை ஆய்வு, காவல் இல்லை என்றார். தேநீர் இடைவேளையில் இன்னொருவர் என்னைத் தனியே அழைத்து, “உனக்குப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் முடிந்திருக்கிறதே, முடிவு வரும்வரை பொறு” என்றார். காரணத்தையும் சொன்னார். நான் விண்ணப்பித்திருக்கிற நிறுவனத்தில் வருடாவருடம் நடக்கிற சொற்பொழிவுக்கு நிதி கொடுப்பவர், உன் புத்துயிர் மையத்தின் தலைவர்.

ஒரே ஒருத்தி வந்தாள். இக்ரா என்று பெயர், முனைவர் பட்ட மாணவி, ஆம்பூர்க்காரி. “எழுதுங்க மேடம், மொதக் கையெழுத்து நான் போடறேன்” என்றாள். அவளுக்கு இன்னும் பட்டமே வரவில்லை. இழப்பதற்கு என்னைவிட அவளுக்குத்தான் அதிகம்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் கட்டுரை எழுதப்போகிறேன். மதுவின் பெயர் வராது, ஊர் பெயர் வராது. என் பெயர் வரும்.

பிருந்தா


செஞ்சி
3 அக்டோபர் 2025

பிருந்தா,

நம்பரைத் தடுத்ததை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். போனில் பேசினால் என் குரல் உடையும், நீ அதைக் கேட்கவேண்டாம்.

ரெண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்த மறுநாளே மதுவுக்குக் காய்ச்சல். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அருண்பிரசாத்துக்குப் போன் போட்டேன். “செல் வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார், பயப்படாதீங்க” என்றார். சாரதா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். “ஒந்தங்கச்சி எழுதினது ஞாபகம் இருக்குதா இல்லியா?” என்று கேட்டுவிட்டு, அவளே தெருவுக்குப் போய் வண்டி பிடித்தாள். புதுச்சேரியில் முதுகுத்தண்டில் கிருமி என்றார்கள். ஊசி போட்ட இடம் வழியாகப் போயிருக்கிறது. இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார், நான் அந்த வாக்கியத்தை முடிக்கவிடவில்லை.

பிழைத்துக்கொண்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் கால் போய்விட்டது. பிடித்துக்கொண்டு நின்றவள் இப்போது நிற்பதில்லை. வீல்சேர் வாங்கியாகிவிட்டது.

இதுவரை படித்ததில் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்தால், இல்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியது உன்னிடம் இல்லை.

நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்ததிலிருந்து ஊரெல்லாம் பேனர். அந்தப் பேனர்க் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒன்று. அதில் மது. நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். பக்கத்தில் பெரிய எழுத்தில், ‘எழுந்து நடந்தாள் செஞ்சிப் பெண்!’ கீழே புத்துயிர் மையத்தின் பெயர். திண்டிவனம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் நவம்பரில் இலவச முகாமாம்.

ஊசிக்கு முன்னால் எடுத்த படம் அது.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எனக்குக் கை கொடுக்கிறார்கள். “இன்னாப்பா, பொண்ணு நடக்குதாமே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” என்கிறார்கள். பனமலையிலிருந்து ஒரு அம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு என் கடையைத் தேடி வந்துவிட்டது, எந்த டாக்டர், எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டு.

நாளைக்கு அந்தப் பேனரைக் கிழிக்கப்போகிறேன். கேஸ் போட்டால் போடட்டும். உன்னிடம் யோசனை கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

கோவிந்தராஜ்


பெங்களூரு
9 அக்டோபர் 2025

அண்ணா,

நீ கிழித்திருப்பாய். கிழிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்திருப்பாய் என்று நம்புகிறேன். எடுக்கவில்லையென்றால் கவலைப்படாதே, அவர்கள் இன்டர்நெட்டிலும் அதையேதான் போட்டிருக்கிறார்கள், நான் எடுத்து வைத்துவிட்டேன். அவர்கள் கொடுத்த பேப்பரையும் புதுச்சேரி ஆஸ்பத்திரிப் பேப்பரையும் தனியாக எடுத்து வை.

அண்ணியை நான் கேட்டதாகச் சொல். அன்றைக்கு அவர் வண்டி பிடித்ததற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

என் கட்டுரை செப்டம்பரில் வந்தது. வந்த வாரமே வக்கீல் நோட்டீஸ், அவதூறு என்று. எங்கள் இயக்குநர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். “நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை, பிருந்தா. ஆனாலும் இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிடேன்” என்றார். தப்பில்லாததை ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பது கஷ்டம் என்றார். அந்தப் பேராசிரியர் வேலையும் இல்லை என்று போன திங்களன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. காரணம் எழுதவில்லை. எழுதமாட்டார்கள்.

நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

முகாமுக்கு நான் வருகிறேன். மேடை ஏறி எல்லார் முன்னாலும் அந்த மையத்து டாக்டரிடம் கேட்கிறேன். எனக்கு இனி பயப்பட என்ன இருக்கிறது?

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. உனக்கும் எனக்கும் ஜூனிலிருந்து சண்டை. மதுவின் இடுப்பெலும்பைப் பற்றி, மதுவின் முதுகைப் பற்றி, மதுவின் செல்லைப் பற்றி. நீ கையெழுத்துப் போட்டாய், நான் கட்டுரை எழுதினேன். அவளை யாராவது கேட்டோமா? அவள் முகம் பேனரில் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று சொல்லவேண்டியது அவள். என் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் கொடு. உன்னுடையவற்றின் நகலையும் அனுப்பியிருக்கிறேன், அதையும் கொடு. படித்துவிட்டு அவள் சொல்வதை எனக்கு எழுது.

பிருந்தா


செஞ்சி
17 நவம்பர் 2025

பிருந்தா,

கடிதங்களையெல்லாம் படித்துவிட்டு, நீ வரவேண்டாம் என்று மது போனில் சொன்னதும் உனக்கு வருத்தம் என்று தெரியும். “அத்தை வந்தா படிச்சவங்க சண்ட போட்டுக்கறாங்கன்னு ஜனம் வேடிக்க பாத்துட்டுப் போயிடும். நான் மட்டும் போறேன்” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, “நீயும் வா நைனா, ஆனா வாயத் தெறக்கக் கூடாது” என்றாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. கைக்குழந்தை, கட்டிலோடு தூக்கிவந்த பிள்ளை, வளர்ந்த பையனைத் தோளில் சுமந்த அப்பன்கள். நம் வட்டாரத்தில் இத்தனை வீட்டில் இந்தக் கஷ்டம் இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடையில் மையத்தின் பெரிய டாக்டர், சால்வையோடு. நடுப்பாதையில் மதுவின் வீல்சேர் வண்டியை நான் தள்ளிக்கொண்டு போனேன்.

அருண்பிரசாத் எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் அவருக்காக வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். மைக்கில், “இதோ நம்ம மதுமதியே வந்துட்டாங்க!” என்றார். கைதட்டல். ரெண்டு பேர் ஓடிவந்து வண்டியோடு மேடைக்குத் தூக்கப் பார்த்தார்கள்.

“தூக்காதீங்க” என்றாள் மது. “நான் மேல வரல. டாக்டர எறங்கி வரச் சொல்லுங்க. மைக்க இங்க குடுங்க.”

கொடுத்துவிட்டார், பாவம்.

“பேனர்ல இருக்கறது நான்தான்” என்றாள். “அந்தப் படம் ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்தது. அப்ப நின்னேன். இப்ப நிக்க முடியாது.”

அவ்வளவுதான், மைக் செத்துப்போனது. யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சொருகியிருப்பேன், அதுதானே என் தொழில். மது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நைனா, இப்ப நீ வாயத் தெற. நான் சொல்றத அப்படியே சொல்லு.”

அவள் ஒரு வரி சொல்வாள், நான் அதை மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். ரெண்டாவது ஊசியில் முதுகில் கிருமி ஏறியது. கத்தினேன். செத்துப்போயிருப்பேன் என்று புதுச்சேரியில் சொன்னார்கள். கத்தினேன். போன் பண்ணினபோது செல் வேலை செய்கிறது என்றார்கள். கத்தினேன். அப்புறம் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “எங்க நைனா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம கையெழுத்துப் போட்டாரு.”

நான் நின்றுவிட்டேன்.

“சொல்லு நைனா.”

சொன்னேன் பிருந்தா. ஊரே இருந்தது. என் கடையில் பல்பு வாங்குகிறவன், என் கல்யாணத்தில் சாப்பிட்டவன் எல்லாரும் இருந்தார்கள். எல்லாவற்றையும்விட உரக்க அதைத்தான் சொன்னேன்.

எல்லாரும் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள் என்று நினைக்காதே. மேல்சித்தாமூர் தங்கராஜ், நெல் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர், தன் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து என்மேல் பாய்ந்தார். “ஒனக்குப் பலிக்கலன்னா எம்புள்ளைக்கும் பலிக்காதா? இருக்கற ஒரு வழியயும் அடைக்க வந்துட்டியா? போய்யா வெளிய!” அவர் கண்ணைப் பார்த்தேன். ஜூன் மாதத்து நான் அப்படியே அங்கே நின்றேன்.

மதுதான் பதில் சொன்னாள். “ஊசி போடறது ஒங்க இஷ்டம்ண்ணே. இது அரசாங்கத்துல பதிஞ்ச ஆராய்ச்சியா, நம்பர் இன்னான்னு மட்டும் அவரு வாயால கேளுங்க. சொன்னார்னா நானே ஒங்களுக்குச் சென்னைக்கு பஸ் ஏத்தி வுடறேன்.”

தங்கராஜ் பையனைத் தூக்கி மறுபக்க இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு மேடைப் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க டாக்டர், நம்பரு இன்னா?”

“அதெல்லாம் ஆபீஸ்ல இருக்குது. தனியா வாங்க, பேசலாம்” என்றார் டாக்டர்.

“இங்கியே சொல்லுங்களேன். எல்லாரும் கேக்கட்டுமே.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக எழுந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் எங்களைத்தான் முதலில் அதட்டினார், பிறகு மது நீட்டிய புகாரை வாங்கிக்கொண்டார். டாக்டர் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார். கொஞ்சம் பேர் அப்படியும் உள்ளேயே உட்கார்ந்து சீட்டு வாங்கக் காத்திருந்தார்கள். தங்கராஜ் எங்களைப் பார்க்காமலே பையனோடு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்ததும் மது, “கொரலு நல்லா இருக்குது நைனா, மைக்கே வேணாம்” என்றாள். சாரதா சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

கோவிந்தராஜ்


திருவண்ணாமலை
21 ஜனவரி 2026

அண்ணா,

விலாசத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய். இங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கச் சேர்ந்துவிட்டேன். நேர்காணலில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, என்மேல் அவதூறு நோட்டீஸ் இருக்கிறது, நான் எழுதியதைத் திரும்பப் பெறப்போவதில்லை, பிறகு தெரிந்து வருத்தப்படாதீர்கள் என்றேன். கல்லூரி முதல்வர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வாரத்துக்கு எத்தனை வகுப்பு எடுப்பீங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

வருத்தமில்லை என்றால் பொய். பெங்களூரில் ஒரு நுண்ணோக்கி உண்டு. உயிரோடிருக்கிற கருவில் ஒரு செல் நகர்ந்து போய்த் தசையாவதைக் கண்ணால் பார்க்கலாம். கடைசி நாள் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டு, உறையைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். அதற்காக எழுதினதை எடுத்திருக்கலாமோ என்று ஒருநாளும் தோன்றவில்லை.

உன் நவம்பர்க் கடிதத்தை, மதுவிடம் கேட்டுக்கொண்டு, இக்ராவுக்கு அனுப்பினேன். அவள் தன் ஆய்வகத்தில் வாசித்திருக்கிறாள். அங்கிருந்து ஒவ்வொரு ஊராகப் போயிருக்கிறது. ஐதராபாத்தில் நான் கேட்ட அந்த அறிக்கையில் இப்போது எங்கள் துறையில் பாதிக்கு மேல் கையெழுத்து. காவல் நம் வேலை இல்லை என்றாரே, அந்தப் பெரியவரும் போட்டிருக்கிறார். எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அந்தப் பெண் கேட்ட கேள்வியை நாங்கள் கேட்டிருக்கவேண்டும்.’ மற்றவர்கள் இன்னும் போடவில்லை. அவர்கள் பெயர் எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்திலும் எழுந்து கேட்பேன்.

இங்கே எனக்குப் பழைய ஸ்டோர் ரூம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மாணவிகள் அதைக் கழுவி வெள்ளையடித்தார்கள். ஐதராபாத்திலிருந்தும் புனேவிலிருந்தும் மீன் முட்டை பார்சல் வந்தது. அனுப்பியவர்களில் ஒருத்தர் இன்னும் கையெழுத்துப் போடாதவர். முட்டையைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். மீன் என்ன பண்ணும்? வைத்துக்கொண்டேன்.

ஒரே தொல்லை கரண்ட். போனால் தொட்டியில் காற்றுப் போகிற மோட்டார் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் மாறிமாறிக் கையால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு நிற்கிறார்கள். செஞ்சியில் எனக்கு ஒரு எலக்ட்ரிக் கடைக்காரரைத் தெரியும், கொஞ்சம் கோபக்காரர், கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிருந்தா


செஞ்சி
14 மார்ச் 2026

பிருந்தா,

நான் மாட்டிவிட்டு வந்த இன்வெர்ட்டர் ஒழுங்காக ஓடுகிறதா? பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கச் சொல்லி உன் மாணவி ரஞ்சனியிடம் காட்டிவிட்டு வந்தேன், நீ பார்க்கமாட்டாய்.

நேற்று அருண்பிரசாத் கடைக்கு வந்தார். ஆப்பிள் பையோடு. வாங்கின பணம் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறோம், நீங்கள் நுகர்வோர் கோர்ட்டில் போட்ட கேஸை எடுத்துவிடுங்கள் என்றார். “ஒங்க தங்கச்சி மேல இருக்கற நோட்டீசும் போயிடும் சார். பெங்களூர்ல அவங்க பழைய வேல விஷயமாவும் பேசிப் பாக்கலாம்.”

உன்னிடம் மறைக்கமாட்டேன். எனக்கு ஆசை வந்தது. தொண்டூர் நிலம் கண்ணில் வந்தது. நீ உறைபோட்டு மூடின அந்த நுண்ணோக்கியும் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மது ப்ளஸ் ஒன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, “நீ இன்னா நெனைக்கிற?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். “அத்தைக்கு வேல திரும்பக் கெடைக்குமா?” என்றாள். கிடைக்கலாம் என்றேன். பிறகு உனக்குப் போன் பண்ணினாள். நீ என்ன சொன்னாய் என்று என்னிடம் சொல்லவில்லை, ஆனால் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள், நீ கத்தினது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, “கேஸ எடுக்க வேணாம் நைனா” என்றாள்.

நான் கடைக்குத் திரும்பும்போது தங்கராஜ் வாசலில் நின்றிருந்தார், பையனோடு. அவரும் சென்னைக்குப் போகவில்லையாம். “கேஸ்ல எம்பேரயும் சேத்துக்குவாங்களா?” என்று கேட்டார். அருண்பிரசாத் வந்தபோது நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆப்பிள் பையை அவர் கையிலேயே கொடுத்தேன். “கோர்ட்ல பாக்கலாம் சார்” என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன்.

வரும் புதன்கிழமை விழுப்புரத்தில் விசாரணை. மது பேசுகிறாள், தேர்வு அன்றைக்கு இல்லை. நம் வக்கீல் உன்னையும் சாட்சியாகப் போட்டிருக்கிறார். வேலை கிடைக்காத ஆத்திரத்தில் பேசுகிறாய் என்று எதிர்த்தரப்பினர் உன்னைச் சீண்டுவார்களாம், நீ கோபப்படாமல் பதில் சொல்லவேண்டுமாம். நான் அதற்கு உறுதி கொடுக்கவேண்டும் என்றார்.

அப்படி ஓர் உறுதியை எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்காகவும் தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். சீக்கிரம் வந்துவிடு. உன் பக்கத்தில் உட்காரப்போவது நான்.

அண்ணன்
கோவிந்தராஜ்